யாரைக் கேட்டு வாங்கிய கடன்?

செய்தித்தாளின் முதல் பக்கத்தில் அமைச்சர் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: 'பற்றாக்குறை பாதியாகக் குறைந்தது!'

பம்புக்காரர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அந்தப் பல்வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேப்பரை எட்டாக மடித்து, நொண்டிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கு அடியில் செருகினார். மேசையை ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

"இந்த ஆளு பதவிக்கு வந்து செஞ்ச முதல் நல்ல காரியம்," என்றார்.

"விடிஞ்சதும் ஆரம்பிச்சாச்சா?" அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"பற்றாக்குறை குறைஞ்சிடுச்சாம். சபையில மேசையத் தட்டியிருக்கானுங்க."

"குறைஞ்சா நல்லதுதானே?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார். குடிநீர் வாரியத்தின் பம்பு ஹவுசில் முப்பத்திநாலு வருஷம் உட்கார்ந்தவர். மணிக்கொரு தரம் படியேறி, தொட்டிக்குள் அளவுகோலை விட்டு, விளிம்பிலிருந்து எத்தனை அங்குலம் கீழே தண்ணீர் நிற்கிறது என்று லாக் புத்தகத்தில் எழுதுவதுதான் வேலை. தெருவில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. பம்புக்காரர் என்றால் தெரியும். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். உலகத்தில் எதைப் பற்றிப் பேசினாலும் அந்தத் தொட்டிக்குள் இறங்கித்தான் பேசுவார்.

"விளிம்புக்கும் தண்ணிக்கும் நடுவுல எவ்வளவு காலியா இருக்கோ, அது கடன். இந்த ஒரு மணி நேரத்துல எவ்வளவு இறங்குச்சோ, அது பற்றாக்குறை. போன மணியில ஆறு அங்குலம் இறங்குச்சு, இந்த மணியில மூணு. உடனே பாதியா குறைச்சுட்டேன்னு பல்லைக் காட்டறான். தொட்டி நிறைஞ்சுதா? இறங்கறது நின்னுச்சா? மெதுவா இறங்குது, அவ்வளவுதான். அதுக்குக் கைதட்டல்!"

"உங்க தொட்டியை மூடி வைங்க. இன்னைக்குத் தேதி முப்பத்தொண்ணு. பையன் வருவான்."

அவர் கை தானாகச் சட்டையின் உள்பைக்குப் போனது. ஊக்கு குத்தியபடியே இருந்தது. உள்ளே இரும்புப் பெட்டியின் சாவி.

போன ஞாயிற்றுக்கிழமைச் சண்டைக்குப் பிறகு அந்தச் சாவி அங்கேதான் தூங்குகிறது. மூத்த மகன் குழாய் பதிக்கிற காண்டிராக்டர். வாரியத்துக்குச் செய்த வேலைக்குப் பதினொரு மாதமாகப் பில் வரவில்லை. குழாய்க் கடைக்காரனிடம் அவன் கொடுத்த காசோலையில் நாளைத் தேதி. கணக்கில் பணம் இல்லாமல் அது திரும்பினால் வழக்கு, போலீஸ், எல்லாம் உண்டு. வீட்டுப் பத்திரத்தைக் கொடுங்கள், அந்தத் தேதியன்று காலையிலாவது வங்கியில் வைத்துக் காசோலையைக் காப்பாற்றிக்கொள்கிறேன் என்று மகன் கேட்டான். பம்புக்காரர் எழுந்து போய்ப் பெட்டியின் பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

'என் வீட்டுக் கதவை எந்தக் கடன்காரனும் தட்டினதில்லை. நான் இருக்கிற வரைக்கும் தட்டவும் மாட்டான்.'

மகன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டிலேயே கையைக் கழுவிவிட்டுப் போனான்.

ஒன்பது மணிக்கு வாசலில் அவனுடைய சரக்கு வண்டி நின்றது. ஒரு வாரத்தில் ஆள் பாதியாகியிருந்தான். செருப்பில் காய்ந்த மண். கண் இரண்டும் தூக்கம் கெட்டுச் சிவந்திருந்தன.

"அப்பா, ஏறுங்க. மச்சான் போன் பண்ணினாரு. உங்களைக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னாரு."

மச்சான் என்பது அவன் தங்கையின் கணவன். வாரியத்தில் கணக்குப் பிரிவு எழுத்தர்.

"என்னை எதுக்கு?"

"நேர்ல சொல்றேன்னாரு. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பில் பாஸாகலைன்னா ஒதுக்கின பணம் மேலிடத்துக்குத் திரும்பிடும். அப்புறம் அடுத்த வருஷம் புதுசா ஒதுக்கி, புதுசா வரிசையில நின்னு..."

"திரும்பறதுக்குப் பணம்னு ஒண்ணு இருந்தாத்தானே? இருக்கிறது அத்தனையும் கடன். கடன்காரன் வாசல்ல போய்க் காசு கேட்டு நிக்கறியே, வெக்கமா இல்லை?"

"கடன் வாங்காம எந்த ஊர்ல தண்ணி வந்துச்சு? நீங்க உக்காந்திருந்த பம்பு ஹவுசே கடன்ல கட்டினதுதான். வாசல்ல கல்லுலயே வெட்டி வெச்சிருக்கான்."

"வெச்சிருக்கான். அந்தக் கடன் நாலாயிரம் வீட்டுக்குத் தண்ணி கொடுத்துச்சு. தண்ணி குடிச்சவன் வரி கட்டினான், வரியில வட்டி போச்சு, இருபது வருஷத்துல அடைஞ்சுது. இப்ப வாங்கற கடன் என்ன கொடுக்குது? மந்திரி மூஞ்சி போட்ட பேனர் கொடுக்குது."

மனைவி வாசலுக்கு வந்து கண்ணாடிக் கூட்டை அவர் கையில் திணித்தாள். "பேசினது போதும், போயிட்டு வாங்க. அங்க போயாவது பையனுக்குத் தோதா நாலு வார்த்தை பேசுங்க."

வழியில் சிக்னலில் நின்றபோது மகன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்.

"ஏதோ ஆட்சேபணையாம். எவனோ எழுதிப் போட்டிருக்கான். எவன்னு தெரிஞ்சா கையை ஒடிச்சிடுவேன்."

"ஒடிக்கணும்," என்றார் பம்புக்காரர் மனதார.

எந்த இடத்தில் மகன் பள்ளம் தோண்டினான் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் அது அக்கறை மாதிரி ஆகிவிடும். சொந்தத் தொழில் என்ற பெயரில் ஊரெல்லாம் கைமாற்று வாங்குகிறவனிடம் அக்கறை காட்டினால், அடுத்த நிமிஷம் கடன் கேட்பான் என்பது அவர் கணக்கு.

வாரிய அலுவலகத்தின் முன்னால் ஒரு லாரி நின்றது. அதிலிருந்து நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன. சக்கரம் வைத்த, சுற்றுகிற நாற்காலிகள். பிளாஸ்டிக் உறை கழற்றாமல் நடைபாதை நெடுக அடுக்கியிருந்தார்கள். பம்புக்காரர் நின்று எண்ணினார். நாற்பது.

"பில்லுக்குக் காசில்லாத ஆபீசு, உக்காருறதுக்கு மட்டும் குறை வைக்கலை," என்றார், காவலாளிக்கும் கேட்கிற மாதிரி.

மாப்பிள்ளை மாடிப்படியில் காத்திருந்தார். சட்டைப்பையில் இரண்டு பேனா, கக்கத்தில் ஒரு கோப்பு. பேசும்போதே பின்னால் ரப்பர் வைத்து அழித்துக்கொண்டு வருகிற மாதிரி ஒரு பேச்சு. இந்த ஆளுக்குப் பெண்ணைக் கொடுத்தோமே என்று பம்புக்காரர் வருஷத்துக்கு இரண்டு தரம் வருத்தப்படுவார். அரசாங்க வேலை என்று கேட்டதும் தலையாட்டியதும் அவர்தான்.

"வாங்க மாமா. இந்த நாற்காலி... இன்னைக்குள்ள செலவு பண்ணலைன்னா, அந்தச் செலவுத் தலைப்புல அடுத்த வருஷம் குறைச்சுத்தான் தருவாங்க. அதனால..."

"அதனால கடன் வாங்கி நாற்காலி. ரொம்ப சரி மாப்பிள்ளை. உக்காந்து யோசிக்கணுமில்ல, அடுத்து எங்க வாங்கலாம்னு."

பழைய கோப்புகள் அடுக்கிய அறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார் மாப்பிள்ளை. சொல்ல வந்ததைச் சொல்லாமல் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். அந்த இடைவெளியை விடுவாரா பம்புக்காரர்?

"நான் கேக்கறேன், இவ்வளவையும் யார்கிட்டதான் வாங்கறானுங்க? இந்தக் கூட்டத்தை நம்பி எந்த மடையன் கொடுக்கறான்?"

மாப்பிள்ளை மைத்துனனைப் பார்த்தார். மைத்துனன் கூரையைப் பார்த்தான்.

"கோவிச்சுக்கக் கூடாது. நீங்க ஓய்வு பெற்றப்ப வந்த பணத்தை எங்க போட்டீங்க மாமா?"

"அஞ்சலகத்துல. தனியாரை நம்பறவன் நானில்லை."

"அது அங்க பீரோவுலயா இருக்கு? அன்னைக்கே அரசாங்கம் எடுத்துச் செலவு பண்ணியாச்சு. உங்களுக்கு வட்டி தருது. வங்கியில போடறவங்க, இன்ஷூரன்ஸ் கட்டறவங்க, சம்பளத்துல சேமிப்பு பிடிக்கறவங்க, இவங்க பணமெல்லாம் சுத்தி வளைச்சு அங்கதான் போகுது. வெளிநாட்டுலயும் வாங்கறாங்க. ஆனா நிறைய வாங்கறது நம்மகிட்டதான். அந்த மடையனுங்கள்ல நீங்களும்... தப்பா சொல்லிட்டேன், கடன் கொடுத்தவங்கள்ல நீங்களும் ஒருத்தர்."

பம்புக்காரர் மாப்பிள்ளையின் முழங்கையைப் பிடித்தார்.

"என் பணத்தை யாரைக் கேட்டு எடுத்தான்?"

"கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. தாளுக்குப் பின்பக்கம் பொடி எழுத்துல இருக்கும்."

"வட்டி எங்க இருந்து தர்றான்?"

"வரியில இருந்து. போதலைன்னா, புதுசா போடறவங்க பணத்துல இருந்து."

"அப்ப என் தெருக்காரன் பையில இருந்து எடுத்து என் பையில போட்டு, நாளைக்கு என் பையில இருந்து எடுத்து அவன் பையில போடறான். நடுவுல நாற்பது நாற்காலி."

"நோட்டை அடிச்சுக் கொடுத்துட்டுப் போகலாமேன்னு எங்க பிரிவுலயே ஒருத்தர் சொல்லுவாரு," என்று மாப்பிள்ளை சிரிக்கப் பார்த்தார்.

"அது அளவுகோல்ல கோட்டை நெருக்கி நெருக்கிப் போடற வேலை. பாரு, எத்தனை அங்குலம் தண்ணின்னு காட்டலாம். அங்குலம் ஏறும், வாளி ரொம்பாது. எங்க பம்பு ஹவுஸ்ல ஒருத்தன் செஞ்சான். மூணாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம்."

"மச்சான்," என்றான் மகன். "மணி பத்தாகுது. என் பில்லு."

மாப்பிள்ளை கோப்பைப் பிரித்தார். "பணம் இல்லாம நிக்கலை. பணம் வந்து ஏழு மாசமாச்சு. தணிக்கைக்காரங்க நிறுத்தி வெச்சிருக்காங்க. ஒரு மொட்டைக் கடுதாசி வந்திருக்கு. இதான்."

ஒன்பது தாள். ஒன்பது நாள். கட்டம் போட்டு, கோடு இழுத்து, ஒரே மாதிரி எழுத்து. பம்புக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

'மேற்குப் புறவழிச் சாலை முடிவு. புதுக் குழாய். நீளம் இரண்டு கி.மீ.
மணி 06.00. குழாய் முனையில் வீடு: 0. ஆள்: 0.
மணி 12.00. வீடு: 0. நாய்: 2.
மணி 18.00. வீடு: 0. நாய்: 0.
குறிப்பு: குடிக்க ஆளில்லாத இடத்துக்குக் கடன் வாங்கிக் குழாய். யாரைக் கேட்டு வாங்கிய கடன்?'

கையெழுத்து இல்லை. தேவையும் இல்லை. இந்த வாரியத்தில் மனுவைத் தொட்டி லாக் மாதிரி எழுதுகிற ஆள் ஒருவர்தான்.

பம்புக்காரர் நிமிர்ந்தார். அப்போதும் அவருக்குப் புரியவில்லை.

"சரியாத்தானே இருக்கு? அங்க போட்டிருந்த பலகையில அந்தப் பெரிய காண்டிராக்டர் பேருதான் இருந்துச்சு. மாளிகை கட்டி வாழறானே, அவன். சுத்தி இருக்கற நிலமெல்லாம் யாரோ பெரிய மனுஷனுதாம். குழாய் வந்தா மனை விலை ஏறும், அதுக்குப் போட்டது. அவன் வேலை அது. இவனுக்கு என்ன?"

"பலகை அவர் பேர்ல இருக்கும் மாமா. வெட்டறது, பதிக்கறது, மூடறது எல்லாம் மச்சானுக்குக் கைமாத்தி விட்டாரு. அவர் பங்கு போன வருஷமே வேற பில்லுல போயாச்சு. இப்ப நிக்கறது மச்சான் பங்கு மட்டும்தான்."

மகன் தாள்களை எடுத்தான். ஒவ்வொன்றாகப் புரட்டினான். ஏழுக்கு நடுவில் குறுக்குக் கோடு, பூஜ்யத்துக்குள் புள்ளி. சின்ன வயதில் அவன் வீட்டுப்பாட நோட்டில் அப்பா திருத்திக் காட்டிய அதே ஏழு, அதே பூஜ்யம்.

"நாயைக் கூட எண்ணியிருக்கீங்கப்பா," என்றான். குரலில் கோபம் கூட இல்லை.

பம்புக்காரர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஏழு மாசமா."

"வாய் எங்க போச்சு?"

"சொன்னா இன்னும் ஒன்பது தாள் எழுதுவீங்க. தணிக்கைக்காரங்க தானா விட்டுடுவாங்கன்னு பார்த்தேன். விடலை." மாப்பிள்ளை ஒரு தாளை மேசைமேல் வைத்தார். தட்டச்சு செய்து தயாராக இருந்தது. "எழுதினவர் தானா வந்து திரும்ப வாங்கிட்டா முடிஞ்சுது. மேலதிகாரி அஞ்சு மணி வரைக்கும் இருக்காரு. நீங்க கையெழுத்து மட்டும் போடணும்."

'நான் தவறாகப் பார்த்துவிட்டேன். மேற்படி இடத்தில் குடியிருப்புகள் உள்ளன.'

பம்புக்காரர் இரண்டு தரம் படித்தார்.

"இருக்கா?"

"ஒரு காவல்காரன் கொட்டகை போட்டிருக்காங்க."

"உள்ள காவல்காரன் இருக்கானா?"

"கொட்டகை பூட்டியிருக்கு மாமா."

"ஆக, பூட்டின கொட்டகையைக் குடியிருப்புன்னு நான் எழுதணும். தொட்டியில இல்லாத தண்ணியை இருக்குன்னு எழுதற மாதிரி. முப்பத்திநாலு வருஷத்துல ஒரு அங்குலம் கூட்டி எழுதினதில்லை மாப்பிள்ளை."

"அப்பா, போடுங்க," என்றான் மகன்.

"நீயுமா? அது களவுடா. ஊர்ப் பணத்தைக் கடனா வாங்கி, ஒருத்தன் மனை விலை ஏற, புல்லுக்குத் தண்ணி விட்டிருக்கானுங்க. அதுல நான் சாட்சிக் கையெழுத்துப் போடணுமா?"

"களவாணி யாரு? வேலை வேணும்னு ஆர்டர் போட்டவன். பலகை வெச்சவன். அவனுங்க வாங்கிட்டுப் போயாச்சு." மகன் தாள்களை மேசையில் போட்டான். "நான் ஆளுங்களுக்குக் கூலி கொடுத்தேன். குழாய் வாங்கினேன். காட்டின இடத்துல பள்ளம் தோண்டினேன். அங்க வீடு இல்லைங்கறது என் தப்பா? நீங்க கையை நீட்டினது அவனுங்க கழுத்துக்கு. பிடிச்சது என் கழுத்தை."

"எனக்கு எப்படித் தெரியும்? அங்கதான் வேலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"நீங்க கேட்டிருக்கீங்களா, எங்கடா வேலைன்னு? ஒரு நாளு?"

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் கீழே சரக்கு வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

பம்புக்காரர் நடைபாதைக்கு வந்து உறை கழற்றாத நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். அது அவரைக் கேட்காமல் ஒரு சுற்று சுற்றிச் சுவரைப் பார்த்து நின்றது. எதிரில் போனவர்கள் எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். வருஷம் பூராவும் தூங்கிய கோப்புகள் கட்டுக்கட்டாகக் கையெழுத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒரு அறையில் மொத்தமாக வாங்கிய சுவர்க் கடிகாரங்களைப் பிரித்து ஓடுகிறதா என்று பார்த்தார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மணி காட்டியது.

தூ என்றிருந்தது அவருக்கு. இந்த அலுவலகத்தின் மேல் மட்டும் இல்லை. கண்ணுக்கு அகப்படாதவனைப் பிடிக்க வலையைப் போட்டு, பெற்ற பிள்ளையைப் பிடித்துக்கொண்டு வந்த கிழவன் மேலும்தான். ஒன்பது நாள் விடியற்காலையில் சைக்கிள் மிதித்துப் போய் நாயை எண்ணியவனுக்கு, மூடின மண்ணில் யார் செருப்புத் தடம் என்று பார்க்கத் தோன்றவில்லை.

மத்தியானம் கழிந்தது. மாப்பிள்ளை வந்து வாரியத்தின் காபியைக் கொடுத்துவிட்டு, அந்தத் தாளை நாலாக மடித்து அவர் மேல்பையில் வைத்துவிட்டுப் போனார். பம்புக்காரர் தடுக்கவில்லை, காபியையும் குடிக்கவில்லை.

மூன்றரைக்கு ஒரு முடிவுக்கு வந்தார். பொய்க் கையெழுத்துப் போடுவதில்லை. ஆனால் வாங்கின கடனை யாராவது ஒருத்தன் கட்டித்தானே ஆக வேண்டும்? பல்லைக் காட்டினவன் கட்டமாட்டான், பலகை வைத்தவன் கட்டமாட்டான், மனைக்காரன் கட்டவே மாட்டான். எழுதினவன் கட்டட்டும். பத்திரத்தை எடுத்து மகன் கையில் கொடுத்துவிடுவது. கதவைக் கடன்காரன் தட்டினால் தட்டட்டும்.

முடிவு எடுத்ததும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. தன்னைத் தானே மெச்சிக்கொள்கிற வழக்கம் அவருக்கு எந்த வயதிலும் போனதில்லை.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தபோது மணி நாலு ஐந்து. யாரிடமும் பேசாமல் ஊக்கைக் கழற்றினார், சாவியை எடுத்தார், பெட்டியைத் திறந்தார். துணி உறைக்குள் பத்திரம் இருந்தது.

இத்தனை வருஷத்தில் அவர் அந்த உறையைப் பிரித்ததே இல்லை. பூட்டை இழுத்துப் பார்ப்பதோடு சரி.

பத்திரத்தோடு சேர்ந்து இரண்டு தாள்கள் வெளியே வந்தன. வங்கித் தாள்கள். இரண்டிலும் நீல மையில் முத்திரை: 'கடன் முழுதும் அடைந்தது.' ஒன்றுக்கு இருபத்தாறு வயது. இன்னொன்றுக்குப் பத்தொன்பது.

"இது யாரோட தாளு?" சத்தம் போட்டார். "வேற எவனோட தாளாவது மாறி வந்துடுச்சா?"

மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பார்த்தாள். பதறவில்லை.

"மாறலை. நம்மளதுதான்."

"நம்ம வீட்டுல ஏது கடன்?"

"உங்க சம்பளத்துல மாசம் இருநூறு துண்டு விழுந்துச்சு. பையன் படிப்பு, பொண்ணு நர்சுப் படிப்பு, உங்க தம்பி ஆஸ்பத்திரிச் செலவு. பத்து வருஷம் விழுந்துச்சு. எப்படிச் சமாளிச்சேன்னு நினைச்சீங்க?"

"நீ சிக்கனமா..."

"சிக்கனத்துல நர்சு ஆக முடியாது. இந்த வீட்டை வெச்சு வாங்கினேன். ரெண்டு தரம். மத்தியானத்துல பைண்டிங் கடைக்குத் தாள் மடிச்சுக் கொடுத்து அடைச்சேன். பொழுது போகாம மடிக்கறேன்னு நீங்கதான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தீங்க."

"பெட்டி பூட்டியில்ல இருந்துச்சு!"

"சாவி ஒண்ணுதான்னு யார் சொன்னது?"

பம்புக்காரர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். கடனே வாங்காத மனுஷன் என்று தெருமுனைக் கடையிலிருந்து வாரிய அலுவலகம் வரைக்கும் முழங்கியது எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து காதில் விழுந்தது.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா விட்டிருப்பீங்களா? கடன் வாங்காத மனுஷன்னு நீங்க பேர் எடுத்தீங்க. வீட்டுல யாராவது ஒருத்தர் வாங்கணுமே."

அவர் பத்திரத்தைத் தூக்கிக் காட்டினார். "சரி, போனது போகட்டும். பையனைக் கூப்பிடு. அவன் பில்லு நின்னதுக்கு நான்தான் காரணம். அந்தக் கடுதாசி நான் போட்டது."

"தெரியும். மாப்பிள்ளை மத்தியானம் போன் பண்ணினாரு. அதைத் தபால் பெட்டியில கொண்டு போய்ப் போட்டவளே நான்தானே. ஒன்பது தாளு, கனமா இருந்துச்சு. தபால்தலை ரெண்டு ஒட்டினேன்."

"அதான், பத்திரத்தை அவன் கையில கொடுத்துடறேன். வெச்சு வாங்கிக்கட்டும்."

அவள் அவர் மேல்பையில் துருத்திக்கொண்டிருந்த தாளை உருவினாள். பிரித்துப் படித்தாள். பத்திரத்தையும் அவர் கையிலிருந்து வாங்கினாள். இரண்டையும் கூடத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மேசை ஆடவில்லை. அமைச்சர் கீழே மடங்கிக் கிடந்து தாங்கிக்கொண்டிருந்தார்.

"இதுக்கு உங்க கையெழுத்து வேணும். போடமாட்டீங்க. பொய்யாச்சே. நானும் போடச் சொல்லமாட்டேன்." அவள் விரல் பத்திரத்துக்கு நகர்ந்தது. "இதுக்கு யார் கையெழுத்து வேணும்னு தெரியுமா?"

குனிந்து பார்த்தார். அரசாங்க ஊழியன் பேரில் மனை வாங்கினால் ஆயிரம் கேள்வி கேட்பான் என்று, நாற்பது வருஷம் முன்னால் அவரே அவள் பேரில் பதிவு செய்தது. செய்ததையே மறந்து, 'என் வீடு, என் வீடு' என்று சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தார்.

"யாரைக் கேட்டு வாங்கிய கடன்னு ஒன்பது தாள்ல எழுதினீங்க," என்றாள் அவள். "போன வாரம் என் வீட்டைத் தரமாட்டேன்னு பையனைத் துரத்தினீங்க. இந்த வாரம் என் வீட்டைத் தரேன்னு வந்து நிக்கறீங்க. ரெண்டு தரமும் நீங்க யாரைக் கேட்டீங்க?"

கடிகாரத்தில் மணி நாலு இருபது. வாரியத்துக்கு ஆட்டோவில் போனால் அரை மணி நேரம். மகனுடைய போனுக்கு அவள் மத்தியானத்திலிருந்தே போட்டுப் பார்த்திருந்தாள், அணைந்து கிடந்தது.

பம்புக்காரர் வாயைத் திறந்தார். அரசாங்கத்தை நாற்பது வருஷமாகக் கேள்வி கேட்ட வாய் அது. வீட்டுக்குள் யாரையும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை.

அவள் மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவருடைய பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, பத்திரத்தின் மேல் வைத்தாள்.

"இப்பக் கேளுங்க."